வாய்க்கால் கரையில் ஒரு கருதுகோள்

சமூகவியலில் ஆராய்ச்சி செய்ய வருகிறவனுக்கு முதலில் ஒரு கோட்பாடு வேண்டும், ஊர் அப்புறம் கிடைத்துக்கொள்ளும் என்று எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை இருந்தது. பெண் பார்ப்பதற்கு முன்பே கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது மாதிரி. எழுபதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் நான் படித்த அந்தத் துறையில் கோட்பாடுகளுக்குப் பஞ்சமே கிடையாது. கேன்டீனில் ஒரு மேஜைக்காரர்கள், தஞ்சாவூர் விவசாயம் இன்னும் பாதி நிலப்பிரபுத்துவம்தான் என்பார்கள். எதிர் மேஜைக்காரர்கள், அங்கே முதலாளித்துவம் வந்து குடித்தனமே நடத்துகிறது என்று அடித்துப் பேசுவார்கள். இரண்டு மேஜையிலும் தஞ்சாவூர்ப் பக்கம் போனவர் ஒருவரும் இல்லை. என்னைக் கண்டால் மட்டும் இரு தரப்பும் “நீ டெல்டாக்காரன்தானே, நீ சொல்லு” என்று பிடித்துக்கொள்ளும்.

நான் பேராவூரணிப் பக்கம். எங்கள் வீட்டில் தென்னந்தோப்புதான். நெல் எனக்கு அரிசியாகிக் கடைக்கு வந்த பிறகே பழக்கம். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால், யார் என்ன கேட்டாலும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, “அது அவ்வளவு சுலபமில்லை” என்பேன். அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு நெடுநாள் ஓட்டினேன். துறையில் எனக்கு ஆழமானவன் என்று பெயர்கூட வந்துவிட்டது.

இரண்டு மேஜையிலும் உட்காரப் பயந்து மூன்றாவதாக ஒரு கோட்பாட்டில் போய் ஒதுங்கினேன். ஒரு சமூகத்தில் உள்ள ஒவ்வொரு வழக்கமும் அந்தச் சமூகம் சிதறிப் போகாமல் இருக்க ஏதோ ஒரு வேலை செய்கிறது என்பது அதன் சாரம். அதில் சண்டைக்கு இடமே இல்லை, அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அப்போது தஞ்சை ஜில்லாவில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம், அறுப்பு வயலில் போலீஸ், குத்தகைக்காரர்களை வெளியேற்றுகிற வழக்குகள், நில உச்சவரம்பைக் குறைத்த புதுச் சட்டம், அதை ஏட்டில் வைக்காமல் நடைமுறைக்குக் கொண்டுவா என்று செங்கொடி ஊர்வலம். பேப்பரைத் திறந்தால் எங்கள் ஜில்லாதான். அந்த ஜில்லாவுக்குப் போய், மக்கள் எப்படி ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று ஆராயக் கிளம்பியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

என் நெறியாளர் கண்டிப்பான அம்மாள். காட்டன் புடவை, கையில் சிவப்புப் பேனா. கிளம்பும்போது அவர் எனக்குச் சொன்னது இரண்டு விஷயம். பார்க்கப் போன இடத்தில் பார்க்க மட்டும் செய்ய வேண்டும், எதிலும் கை வைக்கக் கூடாது. நீ யார் என்று எவர் கேட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், பொய் சொல்லிச் சேர்க்கிற தகவல் திருட்டுப் பொருள். இரண்டுக்கும் தலையாட்டினேன். கை வைப்பதற்கு எனக்குத் தெரியவும் தெரியாது, பொய் சொல்வதற்குத் தைரியமும் கிடையாது என்பதால் இரண்டுமே எனக்குச் சுலபமாகத்தான் தோன்றின.

தலைப்பு, முறைத் தண்ணீர். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்ட வருடம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலில் முறை வைப்பார்கள். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருக்கும் தலைமடை ஊருக்குச் சில நாள், கடைசியில் இருக்கும் கடைமடை ஊருக்குச் சில நாள். கடைமடையின் முறை நடக்கும்போது தலைமடைக்காரர்கள் தங்கள் வயல் மடைகளை மண் போட்டு அடைத்து வைக்க வேண்டும். காவலுக்குப் போலீஸ் கிடையாது, பூட்டும் கிடையாது. இதைவிட ஒற்றுமைக்கு என்ன சான்று வேண்டும் என்று நான் மெட்ராஸிலேயே முடிவு செய்துவிட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வருவது ஒன்றுதான் பாக்கி.

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கூட்டு ரோட்டில் உரக்கடை மாடியில் அறை எடுத்தேன். கடைக்காரர் ஆளுங்கட்சிக்காரர். கரை வேட்டியும் டிரான்சிஸ்டருமாக இருப்பார். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தால் வாய்க்கால் கரை. கும்பகோணத்தில் மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிக்கொண்டேன். நின்றுகொண்டே பார்ப்பதற்கு எங்கள் கோட்பாட்டில் தடை ஒன்றும் இல்லை, எனக்குத்தான் கால் வலிக்கும்.

முதல் நாள் மதகடியில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தலைமடை ஊரின் பெரிய மிராசுதாருடைய காரியஸ்தர் முன்னால் வந்து நின்றார். தோளில் துண்டு, நெற்றியில் அளவான விபூதி. அவருடைய முதலாளிக்கு வாய்க்காலின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை நிலம். நெறியாளர் சொன்னபடி நான் அத்தனை உண்மையையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“நான் மாணவன்ங்க. மெட்ராஸ்ல ஆராய்ச்சி படிக்கறேன். விவசாயம் எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க தண்ணிய எப்படிப் பங்கு வச்சுக்கறீங்கன்னு சும்மா உக்காந்து பார்க்கணும். எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.”

காரியஸ்தர் கொஞ்சம் சிரித்தார். “சரிங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். பின்னாலேயே இளநீர் வந்தது. ஆஹா, நம்முடைய எளிமை இவர்களைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். எவராவது ஒரு மடையைத் திறந்தால், “இது யாருடைய வயல்ங்க?” என்று கேட்பேன். முறையான ஆராய்ச்சியில் முதல் கேள்வி அதுதான் என்று படித்திருந்தேன். அந்த வருடத்தில் அந்த ஜில்லாவில் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே அதைவிடப் பயங்கரமானது வேறு கிடையாது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

தலைமடை முறையின்போது நான் கண்ட காட்சி அற்புதம். ஒவ்வொரு மடைக்கும் ஒரு சொந்தக்காரர் தனித்தனியாக வந்து திறந்தார். பண்ணை வீட்டுச் சமையல்காரர் ஒரு மடைக்கு. அவர் மண்வெட்டியைக் கரண்டி பிடிக்கிற பிடியில் பிடித்தார். கோயிலில் பூக்கட்டுகிறவர் ஒரு மடைக்கு. மாயவரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய தூரத்து உறவினர் ஒருவர் ஒரு மடைக்கு. வேட்டி நனையாமல் ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் வெட்டுவது என்று காரியஸ்தரின் கண்ணைப் பார்த்தபடி நின்றார்.

“இது யாருடைய வயல்ங்க?”

“என்னுதுங்க” என்றார் சமையல்காரர். பிறகு ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆமாங்க, என்னுதுதான்” என்று உறுதிப்படுத்தினார்.

பல தொழில் செய்கிறவர்களும் நிலவுடைமையில் பங்கு பெற்றிருக்கிறார்கள், பாசனத்தில் நேரடியாக ஈடுபடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

கடைமடை முறை வந்தபோது இன்னும் அற்புதம். தலைமடை மடைகள் அத்தனையும் அடைத்துக் கிடந்தன. பயிர் தாகத்தோடு நின்ற வயல்களை ஒட்டியே தண்ணீர் ஓடியது, ஒருவரும் தொடவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதனுக்கு இயல்பாகவே உள்ள கட்டுப்பாடு என்று நெறியாளருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அப்போது இரண்டு மேஜைக்காரர்களையும் நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது.

கடைமடையில் நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த ஒரு பெண் இருந்தாள். நாலு மா என்றால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். நிலம் அந்தப் பெரிய மிராசுதாருடையது. முந்தின வருடம் தண்ணீர் எட்டாமல் பயிர் காய்ந்து, குத்தகை நெல்லை அவளால் முழுசாக அளக்க முடியவில்லை. புருஷன் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கப் போய்விட்டான். குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற அப்போது சட்டம் விடாது. ஆனால் குத்தகையை அளக்காதவர்களை வெளியேற்ற அதே சட்டம் வழிவிடும். இந்த வருடமும் அவள் களத்தில் நெல் இல்லை என்றால் நிலம் போய்விடும். இதை அவளே எனக்கு ஒரு நாள் சொன்னாள். அழவெல்லாம் இல்லை, களை பிடுங்கிக்கொண்டே சொன்னாள்.

அக்கா தினமும் எனக்கு மோர் கொண்டுவருவாள். சில நாள் கெண்டை மீன் குழம்பும் சோறும். வெயில் ஏறினால் பனை ஓலைத் தடுக்கு ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலிக்கு மேலே கட்டிவிடுவாள். “இன்னிக்கு எவ்ளோ நேரம் இருப்பீங்க தம்பி?” என்று காலையில் கேட்பாள். “நாளைக்கு வந்துருவீங்கல்ல?” என்று சாயங்காலம் கேட்பாள். ஆய்வாளருக்கும் ஊராருக்கும் உண்டாகும் நல்லுறவு பற்றி எங்கள் முறையியல் புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு. அதை இவ்வளவு சீக்கிரம் சாதித்தவர்கள் அபூர்வம் என்று எனக்குள் ஒரு பெருமை. என் பேச்சிலும் முகத்திலும் ஏதோ ஒரு ஈர்ப்பு இருக்க வேண்டும் என்றுகூட அறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

அவளிடம் ஒரே குறை, என்னைப் பேச விடமாட்டாள். யாராவது வந்து என்னைப் பற்றி விசாரித்து, நானும் உற்சாகமாகக் கோட்பாட்டை விளக்கத் தொடங்கினால், எங்கிருந்தோ வந்து நடுவில் புகுந்துவிடுவாள். ஒரு நாள் தலைமடைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சைக்கிளை நிறுத்திவிட்டு, “ஓ, பிஎச்.டி.யா? எங்க மச்சான்கூட அதான் படிக்கறாரு, அது ஒண்ணுமில்லீங்களே” என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அதற்குள் அக்கா, “வாத்தியாரய்யா, ஒங்க மாடு அவுத்துக்கிட்டுக் கொல்லைல உளுந்த மேயுது” என்றாள். அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். மாடு கட்டின இடத்திலேயே நின்றிருந்தது என்று மறுநாள் கேள்விப்பட்டேன். பாவம், வேலை மிகுதியில் கண் மயங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைமடை முறை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வழக்கமாக ராத்திரியும் கரையிலேயே கிடக்கிற நாற்காலியைத் தைக்க எடுத்துக்கொண்டு நான் கும்பகோணம் போனேன். நல்ல காப்பி குடித்து ரொம்ப நாளாயிற்று. காப்பி குடித்தேன், வெற்றிலை போட்டேன், பித்தளைக் கடைகளை வேடிக்கை பார்த்தேன், திரும்பி அறைக்கு வந்து தூங்கிவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் மதகடியில் தண்ணீர் இருக்கிறது, கடைமடைப் பக்கம் வாய்க்காலின் தரை தெரிகிறது. தலைமடை வயல்களில் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. மடைகள் ஒன்றும் தெரியாதவை போல அடைத்துக் கிடந்தன, மண் மட்டும் புதுசாக இருந்தது.

அக்கா வரப்பில் நின்றாள். “நேத்து சாயங்காலம் இல்லீங்களே தம்பி” என்றாள்.

“கும்பகோணம் போயிட்டேங்க்கா. காப்பி சாப்பிடலாம்னு.”

“காப்பித்தண்ணி நான் போட்டுத் தரமாட்டனா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. ஒரு காப்பிக்காக இவ்வளவு பாசமா என்று நான் நெகிழ்ந்து போனேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று உரக்கடையில் இதைச் சொன்னபோது கடைக்காரர் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார். கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, “சார், ஊரு பூரா தெரியும். என்கிட்டயுமா மறைக்கணும்? நானும் அரசாங்கத்துக்கு வேண்டியவன்தானே” என்றார்.

“எதை மறைக்கறேன்?”

“நீங்க உச்சவரம்பு ஆபீசு ஆளுன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நின்றுவிட்டது. சட்டப்படி ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் மிராசுதாரிடம் எத்தனையோ மடங்கு நிலம். சமையல்காரர் பெயரில், பூக்கட்டுகிறவர் பெயரில், மாயவரம் உறவினர் பெயரில், செத்துப்போன ஒரு சித்தி பெயரில் என்று பத்திரம் போட்டுப் பிரித்துவைத்திருக்கிறார். காகிதத்தில் எல்லாம் சரி. பண்ணை ஆள் ஒருவனே மண்வெட்டியோடு போய் எல்லா மடையையும் ஒரு வீச்சில் திறந்தால், எல்லாம் ஒரே ஆளின் நிலம் என்பது தண்ணீரைப் பார்த்தே தெரிந்துவிடும். அதைத்தான் மெட்ராஸிலிருந்து ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறான், மடைக்கு மடை வந்து யாருடைய வயல் என்றும் கேட்கிறான். தண்ணீரைத் திருடத் தலைமடைக்குப் பயம் இல்லை. எந்த வயலுக்குத் திருடுகிறோம் என்று ஒருவன் பார்த்துவிடுவானே என்றுதான் பயம். திருட்டுக்குப் போய் மாயவரத்திலிருந்து ஆளை வரவழைக்க முடியுமா?

ஆக, மனிதனுக்கு இயல்பாக உள்ள அந்தக் கட்டுப்பாடு நான்தான். நான் ஆராய்ந்துகொண்டிருந்த வழக்கம் நான் வந்த அன்று தொடங்கி, நான் காப்பி குடிக்கப் போன அன்று நின்றுபோயிருக்கிறது. அந்த நீளமான கடிதத்தைத் திருப்பி வாங்க முடியாதா என்றுதான் முதலில் யோசித்தேன்.

அடுத்த தலைமடை முறையில் எனக்கு வேலை இல்லாததால் ரயிலேறி மெட்ராஸ் போய் நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ முகமெல்லாம் பிரகாசம்.

“அருமை! பார்க்கிறவன் பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறான். இப்போ இதை நிரூபிக்கணும். ஒரு கடைமடை முறை முழுசும் நீ அங்கே இருக்காதே. தண்ணீர் போகாவிட்டால் உன் பாதிப்பு நிரூபணம். போனால் உன் பழைய கோட்பாடு பிழைத்தது. எப்படியும் உனக்கு ஒரு அத்தியாயம்.”

தர்க்கத்தில் ஒரு ஓட்டை இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, “அது அவ்வளவு சுலபமில்லை” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அர்த்தத்தோடு சொன்னேன். அவர் கவனிக்கவில்லை.

நாற்காலியை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொண்டு வரத்தான் திரும்பிப் போனேன். மார்கழி. அக்காவின் வயலில் பயிர் பொதி கட்டி, கதிர் வெளியே வர முட்டிக்கொண்டிருந்தது. எனக்கே அழகாகத் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் ஒரு தண்டை நசுக்கி உள்ளே இருந்த இளங்கதிரைக் காட்டினாள்.

“இந்த ஒரு முறைத் தண்ணியும் அடுத்த முறைத் தண்ணியும் வந்துட்டா போதும் தம்பி, பால் புடிச்சுரும். வரலைன்னா அத்தனையும் பதரு. அப்பறம் தூத்துறதுக்கே ஒண்ணும் இருக்காது.”

நிரூபணத்துக்கு நெறியாளர் கேட்டது அந்த முறையைத்தான். அவள் நிலத்துக்கு வேண்டியதும் அதே முறைதான். பெரிய மனப்போராட்டம் நடந்ததாக எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் மோர்ச்செம்பை நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டு நாற்காலியை விரித்தேன், அவ்வளவுதான். எங்கள் கோட்பாட்டில் அதுவரை இல்லாத ஒரு வேலை எனக்குக் கிடைத்தது. ஆராய்வதற்கு ஒன்றுமில்லாமல், ஆராய்கிறவன் மாதிரி காலையிலிருந்து இருட்டும் வரை முறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டிய பிறகும் கடைமடை இளவட்டங்கள் என் நாற்காலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நெறியாளருக்கு ஒரு கார்டு போட்டேன், மேலும் சில நாள் அவதானிப்பு தேவைப்படுகிறது என்று. பொய் இல்லை அது. யாருக்குத் தேவைப்படுகிறது என்று எழுதவில்லை.

கடைசி முறையின் நடுவில், ஒரு காலை நேரத்தில், காரியஸ்தர் தனியாக வந்தார். இளநீர் இல்லை. எதிரில் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அக்கா பத்தடி தள்ளி வாய்க்காலில் இறங்கி மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

“சார், எங்க அய்யா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. சுத்தி வளைக்காம கேக்கறேன், நீங்களும் மறைக்காம சொல்லணும். நீங்க நெசத்துல யாரு?”

ஆபீஸ் ஆள் என்றால் பொய். சும்மா சிரித்துவைத்தாலும் பொய்தான். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே அத்தனை மடையும் திறக்கும், அக்காவின் நாலு மா பதராகும். சாமர்த்தியசாலியாக இருந்திருந்தால், அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று கம்பீரமாகச் சொல்லியிருப்பேன். நான் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது சிவக்கிற ஜாதி. அக்காவைப் பார்த்தேன். மண்வெட்டி தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது. அதுவும் அளவாக வரவில்லை, பயத்தில் மடை திறந்துகொண்டுவிட்டது. நான் மாணவன் என்றேன். சமூகம் சிதறாமல் இருப்பது எப்படி என்பது என் கேள்வி என்றேன். வழக்கங்களின் வெளிப்படையான வேலை, மறைவான வேலை என்று இரண்டாகப் பிரித்து விளக்கினேன். அவருக்குப் புரியட்டும் என்று, சமூகம் ஒரு உடம்பு, வழக்கங்கள் அதன் கல்லீரல், மண்ணீரல் என்றெல்லாம் சொன்னேன். கேன்டீன் மேஜைகள் இரண்டையும் பற்றிச் சொன்னேன். பார்க்கிறவனால் பார்க்கப்படுவது மாறும் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். வெயில் ஏறிவிட்டது. காரியஸ்தர் ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு, தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரிங்க. இதெல்லாம் எதுக்குங்க?”

“தெரிஞ்சுக்கறதுக்கு.”

“தெரிஞ்சுக்கிட்டு?”

“ஆய்வேடு எழுதறதுக்கு.”

“அதை யாரு படிப்பாங்க?”

“ரெண்டு மூணு பேருங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரெண்டு மூணு பேரு படிக்கறதுக்காக நீங்க கார்த்திகைலேருந்து இந்த வெயில்ல உக்காந்துருக்கீங்க.”

“ஆமாங்க.”

“சாப்பாட்டுக்கு?”

“உதவித்தொகை வருதுங்க.”

“யாரு குடுக்கறா?”

உண்மையை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. “அரசாங்கம்” என்றேன்.

காரியஸ்தர் எழுந்து துண்டை உதறி, தோளில் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “போதுங்க சார். இதுக்கு மேல நீங்க சொல்ல வேண்டாம். ஒங்க நெலமை எனக்குப் புரியுது” என்று கும்பிட்டுவிட்டு வரப்போடு போய்விட்டார். ஒரு மடையும் திறக்கவில்லை. மறுநாள் காலை மறுபடி இளநீர் வந்தது, இரண்டாக.

எனக்கு வருத்தம்தான். என் படிப்பை அவ்வளவு முழுமையாக, அவ்வளவு மனமுருகி நான் அதற்கு முன்பும் சொன்னதில்லை, பிறகு வாய்மொழித் தேர்விலும் சொன்னதில்லை. இப்படி ஒரு காரியத்துக்காக ஒரு மனிதன் வேலை மெனக்கெட்டு வந்து உட்காருவான் என்பதை ஐம்பது வயதுக்கு மேல் உலகம் பார்த்த ஒருவரால் நம்பவே முடியவில்லை. என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இல்லை. நெறியாளர் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் “இது ஆராய்ச்சியல்ல, காவல்” என்று எழுதினார். கண்டுமுதல், அதாவது களத்தில் கண்ட விளைச்சல் கணக்கு, பற்றி வேறொரு அத்தியாயம் எழுதிச் சேர்த்து ஒருவழியாகப் பட்டம் வாங்கினேன்.

தை பிறந்து அறுப்பு நடந்தது. அக்காவின் புருஷனும் பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்தான். களத்தில் நெல் குவிந்தது. பெரிய குவியல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதர் குறைவு. குத்தகை நெல்லை ஊர்க்காரர் நாலு பேரை வைத்துக்கொண்டு, காரியஸ்தர் முன்னாலேயே மரக்கால் மரக்காலாக அளந்தாள். முந்தின வருடத்து மிச்சத்தையும் சேர்த்துத்தான் அளந்தாள். அவர் ஒவ்வொரு மரக்காலுக்கும் என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். ரசீது கேட்டபோது முகத்தைச் சுளிக்காமல் கொடுத்தார்.

குத்தகை நெல் ஏற்றிய வண்டி போன பிறகு அவள் களத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ விடைபெறும் வேளை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, “மொத நாள்லேருந்தே உண்மையத்தான் சொன்னேங்க்கா. இந்த ஊர்ல ஒருத்தர்கூட என்னை நம்பலையே” என்றேன்.

“நான் நம்பினேன்” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“எந்த ஆபீசரு நாலு பேருக்கு முன்னால எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுவாரு? நீங்க சொன்னீங்க. கேட்ட ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது வெறும் படிக்கிற புள்ளதான்னு.” குவியலில் கிடந்த ஒரு பதரை எடுத்து ஊதினாள். “ஊர்ல நான் ஒருத்திதான் தம்பி ஒங்கள நம்பினவ. அதான் விடிஞ்சா பொழுதுபோனா பயந்து பயந்து செத்தேன்.”